கடையும் வீடும் ஒன்றா? சட்ட அமைச்சுக்கும் உள்துறை அமைச்சுக்கும் ஒரு திறந்த மடல்

சட்ட அமைச்சிலும் உள்துறை அமைச்சிலும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

அறந்தாங்கிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெண் ஆறு மாதமாக ஊர்க் கோவிலுக்குப் போகவில்லை. அவருடைய கணவர் சிங்கப்பூரில் வீடு புகுந்து திருடி ஜெயிலுக்குப் போனவர் என்று ஊரில் பேச்சு. அந்த மனிதர் இங்கே இருந்த மூன்றரை ஆண்டில் எவர் வீட்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை. ஊழியர்கள் தங்கும் டார்மிட்டரி, வேலையிடம், லிட்டில் இந்தியா என்கிற தேக்கா, இந்த மூன்றுதான் அவருக்குத் தெரிந்த சிங்கப்பூர். அவர் திருடியது ஒரு கடையில். திருடியது உண்மை. ஆனால் வீட்டில் திருடினார் என்ற பழி அவர் தலையில் விழக் காரணம் தண்டனைச் சட்டத்தின் 380-ம் பிரிவு. அதை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பிறந்தது, வளர்ந்தது, வேலை பார்த்தது எல்லாம் இங்கேதான். எட்டு ஆண்டாக ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் தேக்கா பக்கம் வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். வகுப்பு ஆறு மணிக்கு முடியும். அப்புறம் காகிதங்கள் வெளியே வரும். மருத்துவ விடுப்புச் சீட்டு, சம்பளச் சீட்டு, முதலாளி கையெழுத்துப் போடச் சொன்ன ஏதோ ஓர் ஆங்கிலக் கடிதம். "டீச்சர், இதுல என்ன போட்டிருக்கு?" என்று நீட்டுவார்கள். வாசித்துச் சொல்வேன்.

அந்தத் தம்பி எல்லாரும் கிளம்பிப் போகும்வரை காத்திருந்தார். அப்புறம் பையிலிருந்து ஒரு கைக்குட்டை, அதற்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் நாலாக மடித்த தாள். குற்றச்சாட்டுத் தாள். மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்தே தேய்ந்துபோயிருந்தது, அத்தனை முறை பிரித்துப் பார்த்திருக்கிறார். கூடவே கைபேசியையும் நீட்டினார். தாளைப் படம் பிடித்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டிருந்தார். திரையில் ‘குடியிருப்பில் திருட்டு’ என்று வந்திருந்தது.

"டீச்சர், நான் எடுத்தேன். இல்லைன்னு சொல்லலை. ரெண்டு தடவை எடுத்தேன். ஆனா யார் வீட்டுக்கும் நான் போகலையே. வேற யாரோட பேப்பரையாவது எனக்குக் குடுத்துட்டாங்களா?"

தாள் அவருடையதுதான். பெயர் சரி, தேதி சரி, கடையின் முகவரியும் சரி. தேங்காய் எண்ணெய்ப் புட்டி, இரண்டு முகப் பவுடர் டப்பா, ஒரு டார்ச் லைட், சாக்லெட் பொட்டலங்கள், பேட்டரியில் ஓடும் பொம்மைக் கார் ஒன்று. இரண்டு தடவையும் சேர்த்து 64 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 30 காசு. அடுத்த மாதம் ஊருக்குப் போகவிருந்தார். போகும்போது கையை வீசிக்கொண்டு போக முடியாது என்று செய்த காரியம். நான் அதை நியாயப்படுத்தவில்லை. அவரிடம் அன்றைக்கே கடுமையாகத்தான் பேசினேன்.

ஆனால் அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. தாளில் என்ன இருக்கிறது என்று தெரியாமல், என்னிடம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே ஊரிலிருக்கும் மச்சானுக்குப் படத்தை அனுப்பிவிட்டார். மச்சானும் அதே மாதிரி ஒரு செயலியில்தான் போட்டுப் பார்த்திருக்கிறார். ‘குடியிருப்பில் திருட்டு’ என்பது வாசலைத் தாண்டுவதற்குள் ‘வீட்டுக்குள்ள பூந்து திருடிட்டான்’ ஆகிவிட்டது. கிராமத்தில் வேறு எப்படி ஆகும்?

அந்தப் பெண்ணிடம் தொலைபேசியில் இரண்டு முறை பேசினேன். முதல் தடவை அழுதுகொண்டே இருந்தார். நான் கடை, சாமான், 64 வெள்ளி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்ததும், கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "அக்கா, உண்மையைச் சொல்லுங்க. அந்த வீட்ல பொம்பளைங்க யாராச்சும் இருந்தாங்களா?"

நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அரசாங்கத் தாளில் வீடு என்று இருக்கிறது, டீச்சர் நம் மனம் நோகக்கூடாது என்று கடை என்கிறார் என்று நினைத்திருக்கிறார். புருஷன் ஒரு வீட்டுக்குள் நுழைந்து பொருளை மட்டும்தான் தொட்டாரா என்ற சந்தேகத்தோடு அந்தப் பெண் எத்தனை இரவு விழித்திருந்தாரோ, எனக்குத் தெரியாது. ஒரு கடையில் எண்ணெயும் பவுடரும் எடுத்ததற்கு எந்தக் குடும்பமும் பட வேண்டிய வேதனை இது கிடையாது.

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். அதற்கு நான் சாட்சி. நீதிபதியும் நிதானமாகக் கேட்டார். ஐந்து நாள் சிறை. அதன்பின் வேலை அனுமதி ரத்து, ஊருக்கு விமானம். ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடனில் பாதி இன்னும் நிற்கிறது. தண்டனையைப் பற்றி நான் வாதாட வரவில்லை. சட்டம் இந்தத் திருட்டை எந்தப் பெட்டியில் போட்டது, அதற்கு என்ன பெயர் எழுதி ஒட்டியது என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நீங்கள் அறிந்ததுதான், ஆனால் மற்றவர்களும் வாசிக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். திருட்டு என்றால் என்ன என்று 378-ம் பிரிவு சொல்கிறது. சாதாரணத் திருட்டுக்கு 379: மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல் வருவதுதான் 380. மனிதர் குடியிருக்கவோ பொருளைப் பத்திரமாக வைக்கவோ பயன்படும் எந்தக் கட்டடத்தில், கூடாரத்தில், கப்பலில் திருடினாலும் ஏழாண்டு வரை சிறை, அதோடு அபராதமும் உண்டு. இந்தப் ‘பொருளைப் பத்திரமாக வைக்கும் கட்டடம்’ என்ற சொல்லுக்குள் கடை வந்துவிடுகிறது. பேரங்காடி வந்துவிடுகிறது. அதனால் கடைத் திருட்டுக்கு 380-ல் குற்றம் சாட்டுவது இங்கே சர்வ சாதாரணம். ஆனால் பிரிவின் தலைப்பில் பெயரோடு நிற்பது வீடு மட்டும்தான். மற்றதெல்லாம் ‘முதலியன’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. அந்த ‘முதலியன’வுக்குள்தான் எங்கள் தம்பி மாட்டிக்கொண்டார்.

இது எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். மெக்காலே தலைமையில் இருந்த ஆணையம் 1837-ல் எழுதிய நகல், 1860-ல் இந்தியத் தண்டனைச் சட்டமானது, 1871-ல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்தது. கூடாரமும் கப்பலும் அந்தக் காலத்து ஆட்கள். என் அப்பா ஆற்றோரத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் ஜாகாவாக, அதாவது காவல்காரராக, இருந்தவர். 1983-ல் தொங்கான்கள் என்கிற சரக்குப் படகுகள் ஆற்றை விட்டுப் போகும்வரை அங்கேதான் இருந்தார். இரவில் கிட்டங்கிக் கதவுக்குக் குறுக்கே கயிற்றுக் கட்டிலைப் போட்டுத்தான் படுப்பார். உள்ளே மூட்டை மூட்டையாக மிளகு, ரப்பர், கொப்பரை. கண்காணிக்க அவரை விட்டால் ஆள் இல்லை, கேமரா இல்லை, மணி அடிக்கும் கதவு இல்லை. பூட்டி வைத்த இடத்தில் கை வைத்தால் வெளியே கிடப்பதை எடுப்பதைவிடப் பெரிய குற்றம் என்று சட்டம் சொன்னதில் அன்றைக்கு ஒரு நியாயம் இருந்தது. பொருளைப் பத்திரமாக வைப்பது என்றால் அது. இன்றைய கடை, வா, உள்ளே வந்து எடுத்துப் பார் என்று கதவைத் திறந்து வைத்து அழைக்கிற இடம். பணம் கட்டும் இடத்தில்கூடப் பல கடைகளில் ஆள் கிடையாது, நாமே ஸ்கேன் செய்து நாமே கட்டிவிட்டு வருகிறோம். அதுவும் என் அப்பா காவல் காத்த கிட்டங்கியும் ஒரே சொல்லில் அடங்குமா?

படுக்கையறைக்குள் ஒருவன் வந்துவிட்டுப் போனால் அந்த வீட்டார் பல மாதம் நிம்மதியாகத் தூங்க மாட்டார்கள். என் பக்கத்து வீட்டில் நடந்திருக்கிறது. போனது ஒரு கைக்கடிகாரமும் கொஞ்சம் பணமும்தான். ஆனால் அந்த அம்மா அதற்கப்புறம் பகலிலும் இரும்புக் கதவைப் பூட்டித்தான் வைக்கிறார், குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தால்கூடக் கம்பிக்கு நடுவில்தான் வாங்குகிறார். வீட்டுக்குள் நடக்கும் திருட்டுக்கு ஏழாண்டு வரை என்பது எனக்கு முழுச் சம்மதம். கடை அலமாரியையும் அதே வரியில் எழுதியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, ஒரு பக்கம் சின்னது பெரிய பெட்டிக்குள் போய்விட்டது. மறுபக்கமும் பாருங்கள்.

என் அடுக்குமாடி புளோக்கில் ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபதை நெருங்கும் வயது. உணவங்காடியில் துப்புரவு வேலை. அதிகாலை நாலரைக்கு அங்கே இருக்க வேண்டும். முதல் ரயில் வரவே ஐந்தரை ஆகும், பேருந்தும் அந்த நேரத்தில் கிடையாது. ஒரு பழைய சைக்கிள் வைத்திருந்தார். முன்கூடையில் ஒரு கந்தல் துணி, அதால் இருக்கையைத் துடைத்துவிட்டுத்தான் ஏறுவார். ஒரு நாள் காலை கீழ்த்தளத்தில் சங்கிலி மட்டும் அறுந்து கிடந்தது. நான் மேலிருந்து இறங்கி வரும்போது அந்தச் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். யாரோ திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள் என்பதுபோல அங்கேயே நின்றார்.

ஐந்து வாரம் நடந்து போனார். போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம், எட்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் கால்களோடு. முட்டி வீங்கிப் போயிற்று. பிறகு புளோக்கில் சிலர் சேர்ந்து வேறு சைக்கிள் வாங்கிக் கொடுத்தோம். புகாரை எடுத்துக்கொண்ட இளம் அதிகாரிகள் மரியாதையாகவே நடந்தார்கள், அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இப்படிக் கீழே நிறுத்திய சைக்கிள் போனால் அது வழக்கமாக 379, சாதாரணத் திருட்டு, மூன்றாண்டுக்குள். அவருடைய பிழைப்பையே தூக்கிக்கொண்டு போனவன் பிடிபட்டிருந்தாலும், சட்டத்தின் கணக்கில் அவன் பவுடர் டப்பா எடுத்தவரைவிடச் சின்னத் திருடன். அதே ஆள் ஒரு காரையோ மோட்டார் சைக்கிளையோ, ஏன், அதன் ஒரு பாகத்தையோ எடுத்திருந்தால்கூட 379அ என்று தனிப் பிரிவு வந்திருக்கும், ஏழாண்டு வரை. கார் வைத்திருப்பவரின் இழப்பைச் சட்டம் தனியாக எண்ணிப் பார்த்திருக்கிறது. பெரியவரின் சைக்கிளை எண்ணிப் பார்க்கவில்லை.

நுணுக்கமாகக் கோடு போடுவது கஷ்டம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இதே அத்தியாயத்தில் உங்கள் சட்டம் எவ்வளவு நுணுக்கமாகக் கோடு போட்டிருக்கிறது! கொள்ளைக்கு 392: இரண்டு முதல் பத்தாண்டு, குறைந்தது ஆறு பிரம்படி. அதே கொள்ளை மாலை ஏழுக்கும் காலை ஏழுக்கும் நடுவில் நடந்தால் மூன்று முதல் பதினான்கு ஆண்டு, குறைந்தது பன்னிரண்டு பிரம்படி. கடிகார முள்ளைப் பார்த்து வகைப்படுத்துகிறது சட்டம். நாலு பேர் சேர்ந்து கொள்ளையடித்தால் ஒரு பெயர். ஐந்தாவது ஆள் சேர்ந்தால் கும்பல் கொள்ளை, 395, குறைந்தது ஐந்தாண்டு. தலையை எண்ணி வகைப்படுத்துகிறது. கத்தியைத் தயாராக வைத்துக்கொண்டு திருடப் போனால் 382, ஆள் மேல் கை வைத்துப் பறித்தால், அது முந்தின அத்தியாயத்தில், 356. இந்தக் கோடுகளில் எனக்கு வழக்கு இல்லை. உயிருக்கு ஆபத்து கூடக் கூடத் தண்டனையும் கூடுவது யாருக்கும் புரிகிற நியாயம். மணியையும் தலையையும் எண்ணத் தெரிந்த சட்டத்துக்கு, ஒரு குடும்பம் தூங்கும் அறைக்கும் சாமான் விற்கும் அலமாரிக்கும் நடுவில் ஒரு கோடு போடத் தெரியாதா?

இன்னொரு பிரிவையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 381. ஊழியர் தன் முதலாளியின் பொருளைத் திருடினால் ஏழாண்டு வரை. இடம் எதுவானாலும் சரி, வெட்ட வெளியில் கிடக்கும் செம்புக் கம்பித் துண்டானாலும் சரி. நம்பி வேலை கொடுத்தவரை ஏமாற்றுவது பெரிய துரோகம் என்பது இதன் நியாயம். அந்த நியாயம் திரும்பி வரும்போது காணோம். முதலாளி தன் ஊழியரின் பொருளை எடுத்தால் அதற்கென்று உயர்ந்த பிரிவு எதுவும் திருட்டு அத்தியாயத்தில் இல்லை. சம்பளத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டால் அது இந்த அத்தியாயத்துக்கே வராது. வேலை நியமனச் சட்டத்துக்குப் போய்விடும். அங்கே முதல் தடவைக்கு 3,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வேலை நியமன உரிமைக்கோரல் நடுவர் மன்றம் நல்ல ஏற்பாடு, இல்லை என்று சொல்ல மாட்டேன். நானே மூன்று பேரை வழி நடத்தியிருக்கிறேன், இருவருக்குப் பணம் வந்தது. மூன்றாவது ஆளின் கம்பெனியில் எடுக்க ஒன்றும் மிச்சம் இல்லை. நாலு மாதச் சம்பளம் போனது போனதுதான். அவர் என்னிடம் கேட்ட கேள்வி இது: "டீச்சர், நான் ஒரு மெஷினைத் தூக்கிட்டுப் போனா திருடன். எங்கிட்ட நாலு மாசத்தைத் தூக்கிட்டுப் போனவருக்கு என்ன பேரு?" சட்டத்தில் அதற்குப் பெயர் சம்பளப் பாக்கி. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை, அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொன்னேன். இன்றுவரை அது எனக்கு உறுத்துகிறது.

381-ன் பாரம் எப்படிப்பட்டது என்று இந்த நாடே ஒரு முறை பார்த்தது. பணிப்பெண் பார்தி லியானி ஏறக்குறைய 34,000 வெள்ளி பெறுமானப் பொருள்களைத் திருடினார் என்று குற்றம் சாட்டப்பட்டு, 2019-ல் அவருக்கு 26 மாதச் சிறை விதிக்கப்பட்டது. 2020 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. போலீஸ் புகாரிலிருந்து விடுதலை கிடைக்க ஏறக்குறைய நாலு ஆண்டாகிவிட்டது. அந்தச் சமயத்தில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் என்னிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: அக்கா, முதலாளியம்மா கொடுத்த பழைய துணியைப் பையில் வைத்திருக்கிறேன், அது திருட்டாகுமா?

நீங்கள் சொல்லக்கூடிய பதில்கள் எனக்குத் தெரியும். ஏழாண்டு என்பது உச்சவரம்பு, 64 வெள்ளிக்கு யாரும் ஏழாண்டு கொடுப்பதில்லை, நீதிபதிகளும் அரசுத் தரப்பும் பார்த்துத்தான் செய்கிறார்கள், எச்சரிக்கையோடு முடியும் வழக்குகளும் உண்டு. எல்லாம் உண்மை. ஆனால் உச்சவரம்பைத்தான் குற்றம் சாட்டப்பட்டவர் முதலில் கேட்கிறார். "ஏழு வருஷமா?" என்று அந்தத் தம்பி கேட்டபோது அவர் பல் கிட்டியது. மகனுக்கு அப்போது மூன்று வயது, வெளியே வரும்போது பத்து வயதாகியிருக்கும் என்று விரல் விட்டு எண்ணினார். தண்டனை ஐந்து நாள் என்று தெரியும்வரை அவர் அந்த ஏழு ஆண்டைச் சுமந்துகொண்டுதான் வேலைக்குப் போனார். சாரத்தில் ஏறி நின்று வேலை செய்கிறவர். அப்படி மனம் கலங்கிய ஆளை உயரத்தில் ஏற்றுவது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைக்காரர்களின் கஷ்டமும் எனக்கு அந்நியம் இல்லை. என் சொந்தத் தம்பி மளிகைக் கடை வைத்திருக்கிறான். 2024-ல் மட்டும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கடைத் திருட்டுகள் பதிவாகின. மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும்போது அவன் முகத்தைப் பார்த்தவள் நான். இந்த மடலை எழுதப் போகிறேன் என்றதும் அவனுக்குக் கோபம்தான் வந்தது. "திருட்டு திருட்டுதான் அக்கா, இரக்கம் காட்டினா நாளைக்கு இன்னும் பத்து பேர் வருவான்" என்றான். நான் தாளைக் காட்டினேன். ‘வீட்டில் திருட்டு’ என்ற தலைப்பைப் படித்துவிட்டு, "என் கடை எப்போ வீடாச்சு?" என்று கேட்டான். அவனுக்கு வேண்டியது திருடனைப் பிடிப்பதும் பொருளுக்குப் பணமும். வீடு என்ற சொல்லால் அவனுக்கு ஒரு காசு லாபம் இல்லை.

அதனால் விலையை மட்டும் வைத்துக் கோடு போடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. இங்கிலாந்தில் 2014-லிருந்து 200 பவுண்டுக்குக் கீழ்ப்பட்ட கடைத் திருட்டைச் சின்னக் குற்றமாக வைத்தார்கள். திருடர்களுக்கு அது தைரியம் கொடுத்துவிட்டது என்று அங்கே கடைக்காரர்கள் கொதித்தார்கள். அந்த வழி வேண்டாம். இந்தியாவில் 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தை மட்டும் கவனியுங்கள். அங்கும் கட்டடத் திருட்டுக்குத் தனிப் பிரிவும் ஏழாண்டும் தொடர்கின்றன. ஆனால் சாதாரணத் திருட்டில், பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழ், முதல் தடவை, பொருளையோ பணத்தையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் சமூக சேவைதான் தண்டனை. எதை வைத்து அளக்கிறார்கள் பாருங்கள். என்ன போனது, முதல் தடவையா, திரும்பி வந்ததா. மூன்றும் மனிதரைப் பார்த்துக் கேட்கிற கேள்விகள். 1860-ல் எழுதியதை அவர்கள் மாற்ற முடிந்திருக்கிறது. நாமும் மாற்றாதவர்கள் இல்லை. தற்கொலை முயற்சி குற்றம் என்றிருந்ததை 2020 ஜனவரி முதல் எடுத்துவிட்டோம். அதே திருத்தத்தில் மோசடிக்குப் புதிய பிரிவு வந்தது. 380-ல் கட்டடமும் கூடாரமும் கப்பலும் மட்டும் அப்படியே நிற்கின்றன.

நான் கேட்பது இவைதான்.

380-ம் பிரிவை இரண்டாகப் பிரியுங்கள். மனிதர் குடியிருக்கும் இடத்தில் நடக்கும் திருட்டு ஏழாண்டு வரம்போடு தனியாக நிற்கட்டும். டார்மிட்டரி அறையும் அதில் சேரட்டும், அங்கே ஒரு பெட்டியும் ஒரு பூட்டும்தான் ஒரு மனிதனின் வீடு. பொதுமக்கள் வந்துபோகும் கடைக்குக் கடைத் திருட்டு என்ற பெயரிலேயே தனிப் பிரிவு வரட்டும். கும்பலாகத் திட்டமிட்டுத் திருடுபவர்களுக்கும் திரும்பத் திரும்பச் செய்பவர்களுக்கும் அதில் கடுமையான படி வையுங்கள். முதல் தடவை தவறியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அபராதத்தோடு முடிக்கவும் இடம் வையுங்கள்.

இழந்தவரின் பிழைப்பு பறிபோகும் திருட்டைத் தண்டனையைக் கூட்டும் காரணமாகச் சட்டத்திலேயே எழுதுங்கள். கருவிப் பெட்டி, வேலைக்குப் போகும் சைக்கிள், சமையல் வண்டி, இப்படி. நீதிபதி நினைத்தால் பார்க்கலாம் என்று விடாமல், பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள்.

சம்பளத்தை வேண்டுமென்றே பிடித்து வைத்துக்கொண்டு, கம்பெனியைக் காலி செய்துவிட்டுப் போகும் முதலாளியை எந்தக் குற்றத்தின் கீழ் வைப்பது என்று மனிதவள அமைச்சோடு உட்கார்ந்து பேசுங்கள். 381-க்கு எதிர்ப்பக்கமாக ஒரு பிரிவு வேண்டுமா என்ற கேள்வியைப் பொதுமக்கள் கருத்துக்கும் வையுங்கள். கருத்துக் கேட்கும் தாள் தமிழிலும் வங்காள மொழியிலும் வரட்டும்.

சட்டம் மாற நாளாகும், அது புரிகிறது. அதற்குக் காத்திராமல் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. குற்றச்சாட்டுத் தாளோடு, குற்றம் சாட்டப்பட்டவரின் தாய்மொழியில் ஒரு பக்க விளக்கம் கொடுங்கள். எந்த இடத்தில், என்ன பொருள், என்ன குற்றம், வழக்கு அடுத்து எங்கே போகும் என்று எளிய வார்த்தையில். கடையில் நடந்தது என்றால் கடை என்று அதில் இருக்க வேண்டும். நாலு அதிகாரத்துவ மொழிகள் கொண்ட நாட்டில் ஒருவர் தன் குற்றத்தின் பெயரைக் கைபேசிச் செயலியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது. அந்தப் பக்கத்தை எழுத ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், என்னைப்போல ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இன்னும் பலர் வருவார்கள், கூலி வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அந்தத் தம்பியின் வழக்கு முடிந்துவிட்டது, அதை மறுபடி திறக்கச் சொல்லவில்லை. ‘சம்பவம் நடந்தது ஒரு கடையில், எந்த வீட்டிலும் இல்லை’ என்று தமிழில் ஒரே ஒரு வரி, அரசு முத்திரையோடும் கையெழுத்தோடும் தர உங்கள் அலுவலகங்களில் வழி இருக்குமானால், அதைத் தாருங்கள். அவருடைய மனைவியின் முகவரி என்னிடம் இருக்கிறது. நானே பதிவுத் தபாலில் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தேக்கா ஞாயிறு வகுப்பு ஆசிரியை
சிங்கப்பூர்